ஷங்காயிலிருந்து ஒரு பகலில் வாய்க்கால் நகரம்: மலையகத்தவருக்கான வழிகாட்டி

ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கங்களிலிருந்து சீனாவுக்குப் போய்வருபவர்கள் இன்று அபூர்வமானவர்கள் அல்லர். கடைக்குச் சரக்கெடுக்க ஈவூ சந்தைக்குப் போகிறவர்களும், அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஷங்காயில் ஒரு நாள் மிச்சமிருந்தால் அதை உயர்ந்த கட்டடங்களிலும் கடைத்தொகுதிகளிலும் கழித்துவிட்டுத் திரும்புவதே பலருடைய வழக்கம். அந்த ஒரு நாளை ஜூஜியாஜியாவோ என்னும் பழைய வாய்க்கால் நகரத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். நான் இருமுறை போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

யாங்சி ஆற்றின் கழிமுகச் சமவெளியில் இத்தகைய நீர் நகரங்கள் பல உண்டு. ஜோஜுவாங், தொங்லி, வூஜென் ஆகியவை கூடுதலாகப் பெயர் பெற்றவை. எனினும் அவை அயல் மாகாணங்களில் இருப்பதால் போக்குவரத்திலேயே அரை நாள் போய்விடும். ஜூஜியாஜியாவோ ஷங்காய் மாநகரின் சிங்பூ மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ரோவின் 17ஆம் பாதை திறக்கப்பட்டதிலிருந்து, வழிகாட்டியோ வாடகை வாகனமோ இல்லாமல் ஒருவர் தனியாகவே போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். தெருக்களில் நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. தோட்டம், கோயில் போன்ற சில இடங்களுக்கு மட்டுமே சீட்டு வாங்க வேண்டும்.

புறப்படும் முன் மூன்று காரியங்களை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். முதலாவது பணம். அங்கே படகுக்காரரிலிருந்து பலகாரக் கடைக்காரர் வரை கையடக்கத் தொலைபேசியில் கியூஆர் குறியைக் காட்டியே பணம் வாங்குகிறார்கள். அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் விசா அட்டையையோ மாஸ்டர் அட்டையையோ இலங்கையில் இருக்கும்போதே இணைத்துவிடுங்கள், ஏனெனில் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் உங்கள் இலங்கை எண்ணுக்கே வரும். இரண்டாவது இணையம். சீனத்து சிம்மில் கூகிள் வரைபடமும் வாட்ஸ்அப்பும் இயங்கா. இலங்கை சிம்மை ரோமிங் முறையில் வைத்திருந்தால் பெரும்பாலும் இயங்கும். மூன்றாவது நாள் தேர்வு. ஒக்டோபர் முதல் வாரம், மே தின விடுமுறை, சீனப் புத்தாண்டு ஆகிய நாட்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நான் முதன்முறை போனது ஒக்டோபர் விடுமுறையில். பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அரை மணித்தியாலம் ஆயிற்று. தண்ணீரைப் பார்க்கவே முடியவில்லை. வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ, வார நாள் ஒன்றில் போவதே நல்லது. குளிர்காலத்தில் போவதானால், நுவரெலியாக் குளிருக்குப் பழகியவர்களுக்கும் அந்த ஈரக் குளிர் கடுமையாகவே இருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.

நகர மத்தியிலிருந்து காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். 2ஆம் அல்லது 10ஆம் பாதையில் ஹொங்சியாவோ புகையிரத நிலையம் வரை சென்று, அங்கே 17ஆம் பாதைக்கு மாற வேண்டும். முழுப் பயணத்துக்கும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். கட்டணம் ஒரு வழிக்குப் பத்து யுவானைத் தாண்டாது. நிலையங்களில் பைகளைக் கருவியில் வைத்துச் சோதிப்பார்கள், தண்ணீர்ப் போத்தல் இருந்தால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்லவும் கூடும். கடவுச்சீட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள். ஜூஜியாஜியாவோ நிலையத்தில் இறங்கிச் சுமார் இருபது நிமிடம் நடந்தால் பழைய நகரம்.

உள்ளே போனதும் கடைத் தெருவில் நின்றுவிடாமல் நேரே ஃபாங்ஷெங் பாலத்துக்குச் செல்லுங்கள். சாவோகாங் ஆற்றின் குறுக்கே ஐந்து வளைவுகளுடன் சுமார் 70 மீற்றர் நீளத்தில் நிற்கும் இந்தக் கற்பாலத்தை 1571இல், மிங் அரசமரபுக் காலத்தில், ஒரு பௌத்த துறவி ஊராரிடம் நிதி திரட்டிக் கட்டுவித்தார். பின்னர் 1812இல் அது மீளக் கட்டப்பட்டது. பெயரின் பொருள் உயிர் விடுவிக்கும் பாலம் என்பதாகும். பாலத்தடியில் மீன் பிடிக்கலாகாது, பிடித்த மீனை விடலாம் என்பது பழைய வழக்கு. இன்றும் சிறு மீன்களை வாங்கி ஆற்றில் விடுகிறார்கள். எட்டரை மணிக்கு உச்சியில் நின்றால் இரு கரையும் தெளிவாகத் தெரியும். பத்து மணிக்குப் பிறகு சுற்றுலாக் கூட்டங்கள் வந்துவிடும்.

பாலத்திலிருந்து பார்க்கும்போது ஊர் ஏன் இப்படி அமைந்தது என்பது விளங்கும். வீடுகளுக்குத் தெருவில் ஒரு வாசல், தண்ணீரில் ஒரு வாசல். நெல்லும் பருத்தித் துணியும் எண்ணெயும் படகில் வந்து படகில் போன வணிகத் தலம் இது. 1884இல் ரயில் ஹட்டனை அடைந்த பிறகு தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் அந்தத் தண்டவாளத்தை நம்பியே வந்துபோனதையும், கடைவீதி நிலையத்தை ஒட்டியே வளர்ந்ததையும் அறிந்த நமக்கு இந்த அமைப்பு அந்நியமானது அன்று. கரையோரத்துப் படிகளில் இறங்கிக் கற்களைக் கவனித்துப் பாருங்கள். படகுக் கயிற்றைக் கட்டுவதற்காகத் துளையிட்ட கற்கள் சுவரில் பதிந்திருக்கின்றன. நான் விரல் வைத்துப் பார்த்த ஒரு கல்லில் துளையின் விளிம்பு, வீட்டு ஆட்டுக்கல்லின் குழியைப் போல, கயிறு உரசி உரசி வழுவழுப்பாகியிருந்தது.

படகுச் சவாரியைக் கூட்டம் சேரும் முன் முடித்துவிடுங்கள். கட்டணம் படகுக்கே, ஆளுக்கு அன்று. ஆகவே மூவர் நால்வராகச் சேர்ந்து ஏறினால் செலவு குறையும். குறுகிய சுற்று, நீண்ட சுற்று என இரண்டு உண்டு. சிறிய வாய்க்கால்களுக்குள் நுழைந்து வருவதால் நீண்ட சுற்றையே பரிந்துரைக்கிறேன். படகோட்டி பின்பக்கம் நின்று ஒற்றைத் துடுப்பால் ஓட்டுவார். அந்தத் துடுப்பு தண்ணீரை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒரு முளையில் தாங்கி, மேல்முனையைத் தளத்தோடு ஒரு கயிற்றால் பிணைத்து, மீன் வாலைப் போல இடமும் வலமும் அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எனவே படகு குலுங்காமல் வழுக்கிச் செல்கிறது. முதியவர்களும் அச்சமின்றி ஏறலாம்.

தோட்டங்களில் விருப்பம் உள்ளவர்கள் 1912இல் தொடங்கப்பட்ட கெஜீ தோட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் கொடுக்கலாம். படிப்பையும் பயிரையும் ஒருங்கே குறிக்கும் பெயர் அது. உள்ளே நூல்களுக்கும் வயலுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிங் காலத்து அஞ்சல் நிலையம் சிறியது, பத்து நிமிடம் போதும்.

நடுப்பகலை ஒரு தேநீர்க் கடையின் மாடியில், வாய்க்காலைப் பார்த்த ஜன்னலோரத்தில் கழியுங்கள். மலையகத்தவர் தவறவிடக் கூடாத பகுதி இதுவே என்பது என் உறுதியான எண்ணம். அண்டை மாகாணத்து லொங்ஜிங் பச்சைத் தேயிலையைக் கேளுங்கள். கண்ணாடிக் குவளையில் இலையைப் போட்டு, கொதித்துச் சற்று ஆறிய நீரை ஊற்றித் தருவார்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை, வடிகட்டலும் இல்லை. தட்டையாக அழுத்தப்பட்ட இலைகள் முதலில் மிதந்து, பிறகு ஒவ்வொன்றாக விரிந்து, நிமிர்ந்தபடியே கீழிறங்கும். நம் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டுக் காய வைப்பதால் இலையின் உருவமே மறைந்துவிடுகிறது. அங்கே பறித்த இலையைச் சிறிது உலர்த்தியதும் சூடான இரும்புச் சட்டியில் கையால் அழுத்தி வறுத்து, புளிப்பதைத் தடுத்துவிடுகிறார்கள். என் அம்மா முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இரண்டாம் பயணத்தில் அவரையும் அழைத்துப் போயிருந்தேன். குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒரு இலையும் கொழுந்தும்தான் பறிச்சிருக்காங்க, ரெண்டாவது இலையே இல்ல" என்றார். தீரத் தீரச் சுடுநீர் ஊற்றுவார்கள். இரண்டாம் முறை ஊற்றியதே சுவை மிகுந்தது.

சாப்பாட்டில் எச்சரிக்கை தேவை. மூங்கில் இலையில் கட்டி அவித்த பசையரிசிப் பொதிகள் ஒவ்வொரு கடை வாசலிலும் ஆவி பறக்கும். பெரும்பாலானவற்றுக்குள் பன்றி இறைச்சி இருக்கும். சிவப்புப் பயறு வைத்த இனிப்புப் பொதி சைவமாகத் தோன்றினாலும் அந்தப் பயற்றைப் பன்றிக் கொழுப்பில் கிளறும் வழக்கம் உண்டு. ஆதலால் சைவ உணவுக்காரர்களும் முஸ்லிம் அன்பர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. எதை உண்பதில்லை என்பதைச் சீன எழுத்தில் எழுதித் தொலைபேசியில் வைத்திருந்து காட்டுங்கள். நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரிவது கடினம். நம்பி வாங்கக்கூடியது உப்பிட்டுப் புகையில் உலர்த்திய பச்சைச் சோயா அவரை.

பிற்பகல் மூன்றரைக்குள் நிலையத்துக்குத் திரும்பிவிட்டால், ஹொங்சியாவோவில் மாலை நேர நெரிசலுக்கு முன்பே பாதை மாறிவிடலாம். தொலைபேசியின் மின்கலம் தீர்ந்தால் பயணச்சீட்டு எடுக்கவும் திண்டாட நேரும் என்பதால் பவர் பேங்க் ஒன்றும், நூறு யுவான் தாளும் பையில் இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துவர அந்த அவரையே ஏற்றது. ஊருக்கு வந்ததும் காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடிவிடுங்கள், நம் மூடுபனியில் இரண்டே நாளில் நமுத்துவிடும்.