நீர் மாத்திரை ராத்திரிக்கு வேண்டாம்

இதய நோயாளிக்கு லாசிக்ஸ் போன்ற நீர் மாத்திரை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) இரண்டு வேளை எழுதியிருக்கிறதா? இரண்டாவதை மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று பார்த்ததும் நாம் பழக்கத்தில் இரவுச் சாப்பாட்டோடுதான் எடுத்து வைப்போம்.

இந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். 6 முதல் 8 மணி நேரம் வரை சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும். இரவு 8 மணிக்குப் போட்டால் நள்ளிரவு தாண்டியும் பாத்ரூமுக்கு நடைதான். அரைத்தூக்கத்தில் ஈரத்தரையில் வழுக்கி விழும் ஆபத்து வேறு. அப்புறம், தூக்கமே இல்லை என்று தூக்க மாத்திரை கேட்பார்கள். தேவையே இல்லாத மாத்திரை அது.

மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருந்து ஊசியாக ஏறும்போது இந்தக் கணக்கு செல்லாது. புராஸ்டேட் வீக்கம், கட்டுப்படாத சர்க்கரை, சிறுநீர்த் தொற்று இவற்றால் இரவில் எழுபவருக்கும் நேரத்தை மாற்றுவதால் பெரிய பலன் இருக்காது. படுத்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறார் என்றால் அது வேறு சங்கதி, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.