வெப் ஹோஸ்டிங் தொழிலை விலைக்கு வாங்கும் முன்

வேலூரில் நடந்துவரும் வெப் ஹோஸ்டிங் தொழிலொன்றை (பிறரது இணையதளங்களைச் சர்வரில் வைத்து இயங்கச் செய்யும் தொழில்) வாங்க நினைப்பவர், வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதைவிட, அவர்களில் எத்தனை பேர் ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தியிருக்கிறார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் 6,000 ரூபாய் கட்டிய ஆம்பூர்த் தோல் வியாபாரிக்கு, அக்டோபர் தொடக்கத்தில் தொழில் கைமாறினால், மீதி 6 மாதச் சேவையை நீங்கள்தான் தர வேண்டும். பணமோ விற்றவரிடம் இருக்கும். அந்த 3,000 ரூபாயை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது.

வருமானத்தை ஜிஎஸ்டி தாக்கலோடு ஒப்பிடுங்கள். சர்வர் வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளது, அந்தச் சர்வர்களின் ஐபி முகவரிகள் (இணையத்தில் அவற்றை அடையாளம் காட்டும் எண்கள்) ஸ்பேம் எனும் வேண்டாத மின்னஞ்சலுக்கான தடைப்பட்டியலில் சிக்கியுள்ளனவா என்றும் பாருங்கள். ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனலின் உரிமக் கட்டணம் 2019 முதல் கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைவதால், செயல்படாத கணக்குகளும் செலவுதான். வாடிக்கையாளரான காட்பாடிக் கடைக்காரரின் டொமைன், அதாவது இணையதளப் பெயர், தொழிலை விற்பவர் பெயரில் பதிவாகியிருந்தால், பணம் கொடுக்கும் முன்பே உரியவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு தளத்தையாவது உங்கள் கண்முன் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.