காணி உறுதி கையில் இருக்கிறது, திறப்பு யாரிடம்?

போன ஆவணியில் ஒருநாள் விடிகாலை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஓர் ஒழுங்கை வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றது. பெட்டியில் அலுமாரி, கட்டில், தையல் மெசின், மேலே கயிறு போட்டுக் கட்டிய மெத்தை. புதுச்சேலை உடுத்த ஒரு பிள்ளை நிறைகுடத்தைக் கையில் ஏந்தியபடி நின்றாள். அவளுடைய கணவன் கேற்றில் தொங்கிய ஆமைப்பூட்டில் ஒவ்வொரு திறப்பாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு திறப்புகள் கொடுத்திருந்தார்கள். நான்கும் பழையவை, பூட்டு புதிது. வீட்டுக்குள்ளே லைற் எரிந்தது.

"தம்பி, காசு முழுக்கக் குடுத்தாச்சோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. போன வெள்ளி உறுதி முடிஞ்சது. உள்ளுக்கை இருக்கிறவை இண்டைக்கு எழும்பிவிடுவினம் எண்டு சொன்னவை."

அந்த 'எழும்பிவிடுவினம்' என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். இருபது வருடத்துக்கு மேலாகக் காணி, வீடு கைமாறும் வேலைகளில் நிற்கிறேன். உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் வாங்கி நானும் கெட்டேன், இந்த ஒரு சொல்லை நம்பி எனக்குப் பின்னால் வந்தவர்களும் கெடுகிறார்கள்.

ஈடு இருக்கிறதா என்று காணிப் பதிவகத்தில் தேடுங்கள், சோலைவரி என்கிற வீட்டுவரி நிலுவை பாருங்கள், உறுதியை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை உறுதி எழுதுகிற நொத்தாரிசே சொல்லித்தருவார். உறுதி முடிந்ததற்கும் அடுப்பில் பால் பொங்குவதற்கும் இடையில் நடப்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அங்கே ஆட்கள் விடுகிற பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆள் இருக்கிற வீட்டுக்கு முழுக்காசையும் கொடுப்பது

2011இல் கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியோடு ஓர் ஓட்டு வீடு வாங்கினேன். சொந்தக்காரர் கனடாவில். அவருடைய மைத்துனர் அற்றோணித் தத்துவத்தை, அதாவது அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரத்தை, வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வீட்டைப் பார்க்க இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் வயதான ஓர் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். சொந்தக்காரரின் ஆள் என்று நினைத்து வாங்கிக் குடித்தேன். நீங்கள் யார், எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், வீடு விற்பது உங்களுக்குத் தெரியுமா? இந்த மூன்று கேள்விகளையும் அந்த விறாந்தையில் இருந்து கேட்டிருந்தால் போதும். நான் சுவரையும் ஓட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் மயிலிட்டிக்காரர். 1990 ஜூனில் போரால் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள். 1998இல் சொந்தக்காரர் வெளிநாடு போனபோது காவலுக்கென்று வீட்டில் இருத்திவிட்டுப் போயிருக்கிறார்.

பால் காய்ச்சப் போன அன்று கொடியில் அந்த அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. குசினிக்குள்ளிருந்து புகை வந்தது. ஐயா விறாந்தைக் கதிரையில் இருந்தார். என் மனைவியின் கையில் புதுப்பானையைக் கண்டபிறகுதான் அவர்களுக்கு வீடு விற்ற விஷயமே விளங்கியது. "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி" என்றார் அம்மா. அவர்களுடைய ஊர் அப்போதும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றியிருந்த காணியில் ஒரு பகுதியும் மக்களிடம் திரும்பியது 2017இல்தான். அவர்கள் எங்கே போவது?

மைத்துனருக்குப் போன் எடுத்தேன். "உறுதி முடிஞ்சுதுதானே, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார். அவர் பயப்பட என்ன இருக்கிறது? காசு முழுவதும் போய்விட்டது. என் உறுதியில் 'இன்று முதல் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது' என்று அழகாக எழுதியிருந்தது. வீட்டுக்குள்ளே இருந்தவர்களுக்கும் அந்த வரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஆட்கள் இரண்டாவது பிழையையும் விடுகிறார்கள். உறுதி என் பெயரில், பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கும் அப்படிச் சொல்லித்தந்தவர்கள் இருந்தார்கள். நல்லவேளை, ஒரு சட்டத்தரணி தடுத்தார். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணிப் பிணக்கால் அமைதி குலையும் என்றால் அதன் கீழ்தான் வழக்கு வரும். கோட்டடியில் எல்லோரும் 'அறுபத்தாறு வழக்கு' என்பார்கள். அதில் நீதிமன்றம் உறுதி யாருடையது என்று பார்க்காது. வீட்டில் யார் இருந்தார், வழக்குப் போடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது அவரை வலுவில் வெளியேற்றினார்களா என்று மட்டும் பார்க்கும். வெளியேற்றியிருந்தால் அவரையே திரும்ப உள்ளே விடச் சொல்லும். பூட்டை உடைத்தவர் சொந்த வீட்டு வாசலில் பிழைகாரராக நிற்பார்.

பத்து வருடம் இருந்துவிட்டார்களே, வீடே அவர்களுக்குப் போய்விடுமோ என்று பலர் நடுங்குவதையும் கண்டிருக்கிறேன். உரிமையாளரின் சம்மதத்தோடு காவலுக்கு இருப்பவருக்கு, இருந்த காலத்தை மட்டும் காட்டி வீடு சொந்தமாகிவிடாது. நீண்டகாலம் இருந்ததை வைத்து ஆட்சியுரிமை கேட்க வேண்டுமென்றால் உரிமையாளருக்கு எதிராக இருந்ததைக் காட்ட வேண்டும். ஆனால் சம்மதத்தோடுதான் இருந்தார்கள் என்பதை நீங்கள் நீதிமன்றத்தில் நிரூபித்து முடிக்க வருடக்கணக்கு ஆகும். வாடகைக்கு ஆள் இருக்கிற வீடு இன்னொரு கதை. வீடு கைமாறியதால் வாடகை ஒப்பந்தம் முறியாது. வாடகைக்காரரையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

எனக்குப் பதினான்கு மாதம் போனது. நான் இருந்த வீட்டு வாடகை ஒரு பக்கம், கடன் வட்டி மறுபக்கம். கடைசியில் திருநெல்வேலியில் அவர்களுக்கு ஒரு சிறிய வீடு பார்த்து, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கட்டி, சாமான் ஏற்ற லொறியும் பிடித்துக் கொடுத்தேன். எல்லாமாக ஐந்து லட்சத்துக்கு மேல். அது அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய காசுதான். ஆனால் கொடுத்திருக்க வேண்டியவர் வீட்டை விற்றவர். பதின்மூன்று வருடம் தன் வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றாரே, அதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. கேட்காமல் வாங்கிய நானும் அதில் பங்காளி.

இப்போது யாருக்கு வீடு பார்த்துக் கொடுத்தாலும் இப்படித்தான் செய்கிறேன். அட்வான்ஸ் கொடுக்குமுன் உள்ளே இருப்பவர்களோடு நேரே கதைப்பது. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) அந்த வீட்டு முகவரியில் யார் யார் பதிவில் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. அப்புறம், விற்பனை உடன்படிக்கையில் வீடு வெறுமையாகக் கையளிக்கும் திகதியையும், பிந்தினால் நாளுக்கு எவ்வளவு என்பதையும் எழுதுவிப்பது. இதை வெறும் கடதாசியில் எழுதி முத்திரை ஒட்டி வைப்பதில் பிரயோசனம் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிய வேண்டும்.

கடைசித் தொகையை நொத்தாரிசின் கந்தோரில் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கையெழுத்து வைக்கிற அன்று காலையே வீட்டுக்குப் போய் ஒவ்வோர் அறையாக, குசினி, பின்பத்தி, கக்கூஸ் வரை திறந்து பார்த்து, பூட்டித் திறப்பை வாங்கிக்கொண்டுதான் நொத்தாரிசிடம் போவோம். அதற்கு விற்பவர் ஒத்துவராவிட்டால் ஒரு தொகையைச் சட்டத்தரணியிடம் வைத்துவிட்டு, வீடு வெறுமையானபின் எடுக்கச் சொல்வோம். வங்கிக் கடனில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உறுதி முடிகிற இடத்திலேயே வங்கியின் காசோலை விற்பவர் கைக்குப் போய்விடும், பிடித்துவைக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

குடிபுகும் நாளை முதலில் குறிப்பது

ஆடி பிறக்கமுன் குடிபுக வேண்டும், மார்கழிக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நாள் பார்த்து, சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி, சமையலுக்கும் ஆள் பிடித்துவிடுகிறார்கள். நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் பார்ப்போம். ஆனால் உங்கள் நாள் விற்பவருக்குத் தெரிந்துவிட்டால், அதற்கு முன் எப்படியும் காசைக் கொடுப்பீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். திறப்பு கைக்கு வந்தபின் சாத்திரியாரிடம் போங்கள். ஒரு மாதம் பிந்தினாலும் நல்ல நாள் வரும்.

கோண்டாவில் பிள்ளைகள் அன்றைக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சினார்கள்.

பங்கை வாங்கிவிட்டு வீட்டை வாங்கியதாக நினைப்பது

கோண்டாவில் வீட்டுக்குள் இருந்தவர் விற்றவரின் தம்பி. உறுதியை வாங்கிப் பார்த்தேன். 'பிரிபடாத அரைப் பங்கு' என்று தெளிவாக எழுதியிருந்தது. வாங்கிய பொடியன் அரைவாசி என்பதைக் கவனித்திருக்கிறான். ரோட்டுப் பக்கத்து அரைவாசியும் அதில் நிற்கிற வீடும் தன்னுடையவை என்று விற்றவர் விரலால் காட்டியதை நம்பிவிட்டான். பிரிபடாத பங்கு என்றால் அந்த வளவின் ஒவ்வொரு குழியிலும் தம்பிக்காரனுக்கும் பாதி இருக்கிறது. அவரை எழுப்ப முடியாது. பேசித் தீர்த்து, நில அளவையாளரை வைத்துப் பிரித்து உறுதி எழுத வேண்டும். அது சரிவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரிவினை வழக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. தேசவழமை என்கிற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டப்படி, கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், பின்னால் வழக்குப் போட்டு அந்தக் காணியைத் தாங்கள் எடுக்கலாம். சகோதரங்களுக்கு அறிவித்தல் போனதா என்பதைக் கடதாசியில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஓர் அறையை மட்டும் பூட்டி வைக்க விடுவது

விடாதீர்கள். அந்த அறை பூட்டியபடி இருக்கும்வரை விற்றவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

கிணறு

குடிவந்த முதல் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அம்மா வாளியோடு கேற்றைத் திறந்துகொண்டு நேரே கிணற்றடிக்குப் போவார். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவர்களுக்கு இது அத்துமீறலாகத் தெரியும். அடுத்த நாளே கேற்றுக்குப் பூட்டுப் போடுவார்கள். உறுதியின் கடைசிப் பகுதியைப் படியுங்கள்: 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என்று இருந்தால் அந்த அம்மா தன் தண்ணீரைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார். ஒரு பூட்டால் மூன்று தலைமுறை பேசாமல் போன வளவுகள் எனக்குத் தெரியும். குடிபுகுமுன் அக்கம்பக்கம் போய், கிணறு எப்படி, பாதை எப்படி, வேலி எந்தப் பக்கத்தாருடையது என்று கேட்டு வையுங்கள். வேலிக் கதியால் மாற்றுவதென்றால் அவர்களையும் கூப்பிட்டு, அவர்கள் பார்த்திருக்கப் போடுங்கள்.

மோட்டரும் தாங்கியும்

பார்த்தபோது இருந்த தண்ணீர் மோட்டர், தாங்கி, ஃபேன், கதவு எல்லாவற்றையும் உடன்படிக்கையில் பெயர் சொல்லி எழுதுங்கள். கரண்ட் மீற்றரைத் திறப்பு வாங்கும் அன்றே படமெடுங்கள்.

மாமரம்

வளவில் கறுத்தக்கொழும்பான் நின்றால், மரத்தில் இருக்கிற காய் யாருக்கு என்று உறுதி முடியுமுன் வாயால் கேட்டுவிடுங்கள். பழைய சொந்தக்காரர் உரப்பையோடு வந்து மரத்தடியில் நிற்கும்போது கேட்கிற கேள்வி அல்ல அது.