கிளப்புக்கு ஆள் எடுப்பது யார்? வேலூர் மைதானங்களிலிருந்து ஒரு வழிமுறை

ஒவ்வொரு சீசன் தொடங்கும் முன்பும் எங்கள் பக்கத்துக் கால்பந்து கிளப்புகளில் ஒரே சண்டைதான். "அணியை நடத்துகிறவன் நான், ஆளையும் நானே எடுக்கிறேன்" என்பார் பயிற்சியாளர். ஜெர்சிக்கும் பந்துக்கும் பணம் தருகிறவர், தன் அக்கா மகனுக்கு ஓர் இடம் கேட்பார். மூத்த ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு தெருப் பையனை அழைத்து வந்து நிறுத்துவார்கள். கடைசியில் யார் குரல் ஓங்குகிறதோ அவருடைய ஆள் உள்ளே வருகிறான். சீசன் பாதியில் இடது பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர், இல்லாமல் அணி தவிக்கும். பெஞ்சில் கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு சிறிய கிளப்பின் செயலாளர். பகலில் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இந்தச் சண்டைக்கு நான் சொல்லும் தீர்வு இதுதான். ஆளைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயரை முன்வைக்கும் பொறுப்பு, பயிற்சியாளரைவிட நீண்ட காலம் கிளப்பில் இருக்கப்போகிற ஒருவரிடம் இருக்க வேண்டும். எப்படிப்பட்ட ஆள் தேவை என்று சொல்வதும், வந்த பெயரை "வேண்டாம்" என்று தடுப்பதும் பயிற்சியாளரின் உரிமை. எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்வதோடு பணம் தருகிறவரின் வேலை முடிந்துவிடுகிறது.

தோல் வியாபாரத்தில் இது பழைய வழக்கம். எந்த மாதிரித் தோல் வேண்டும் என்று உற்பத்திப் பிரிவு சொல்லும். தோலை விரித்துப் பார்த்து, தழும்பும் துளையும் கணக்கிட்டுத் தரம் பிரிக்கிறவர் வேறொருவர். காசோலையில் கையெழுத்திடுகிறவர் இன்னொருவர். மூன்றையும் ஒரே ஆளிடம் விட்ட முதலாளியை நான் பார்த்ததில்லை.

பெரிய கிளப்புகளின் கதை என்ன சொல்கிறது?

எல்லா அதிகாரமும் ஒரே மேனேஜரிடம் (இங்கிலாந்தில் தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் அழைப்பார்கள்) இருந்தும் வென்ற கிளப்புக்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சொல்வார்கள். உண்மைதான். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரை அங்கே இருந்தார். இருபத்தேழு ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கிற மேனேஜர் கிடைத்தால் எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்துவிடலாம். 2013-இல் அவரும், நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட டேவிட் கில்லும் ஒரே கோடையில் விலகினார்கள். ஆள் எடுக்கும் அறிவு முழுவதும் அவர்களோடு வெளியேறிவிட்டது. ஆள் எடுப்பதைக் கவனிக்கக் கால்பந்து இயக்குநர் என்று ஒருவரை அந்தக் கிளப் முதன்முதலாக நியமித்தது 2021-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் மேனேஜர்கள் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஆளை வாங்கினார்கள், அடுத்து வந்தவருக்கு அந்த ஆள் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரானது ஸ்பெயினின் செவியா. அந்தக் கிளப்பின் கோல் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மோன்சி 2000-இல் விளையாட்டு இயக்குநர் ஆனார். அப்போது அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டிருந்தது, கையில் பணமும் இல்லை. 2017 வரை நீடித்த அவருடைய முதல் காலத்தில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையை 2006, 2007, 2014, 2015, 2016 என ஐந்து முறை செவியா வென்றது. முதல் இரண்டு முறை பயிற்சியாளர் ஹுவாண்டே ராமோஸ். பின்னைய மூன்று முறை உனாய் எமெரி. நடுவில் வேறு பலரும் வந்து போனார்கள். பிரேசிலில் இருந்து இளம் வயதில் கொண்டுவந்த டானி ஆல்வெஸ் 2008-இல் பார்சிலோனாவுக்குப் போனபோது, கிடைத்த பணத்தை அடுத்த ஆளில் போட வழி தெரிந்த ஒருவர் நாற்காலியில் இருந்தார். பயிற்சியாளர் மாறினாலும் தேடுகிற கண் மாறவில்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்பும் அப்படித்தான். ஆட்டக்காரர் ரியாத் மஹ்ரெஸ் 2014 ஜனவரியில் பிரான்சின் லெ ஹாவ்ரிலிருந்து வந்தபோது மேனேஜர் நைஜல் பியர்சன். 2016-இல் இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கை வென்றபோது மேனேஜர் கிளாடியோ ரனியேரி. இருவர் காலத்திலும் ஆள் தேடும் பணியில் இருந்தவர் ஸ்டீவ் வால்ஷ்.

லிவர்பூலில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2017-இல் முகமது சலாவை எடுக்கும்படி விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸும் அவருடைய தேர்வுக் குழுவும் விடாமல் வற்புறுத்தியதை அப்போதைய மேனேஜர் யூர்கன் க்ளாப் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். க்ளாப் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், கேட்டுக்கொண்டார். 2019-இல் ஐரோப்பாவின் முதல் நிலைக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக், 2020-இல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம். நல்ல பயிற்சியாளர் என்பவர் தன்னைவிட அதிக ஆட்டங்களைப் பார்த்தவரின் பேச்சைக் கேட்கிறவர்.

பணம் போடுகிறவரே ஆளையும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் கிளப்பான செல்சி இருக்கிறது. 2022 கோடையில் புதிய உரிமையாளர்களில் ஒருவரான டாட் போலி, இடைக்கால விளையாட்டு இயக்குநர் பொறுப்பையும் தாமே வைத்துக்கொண்டார். பணம் தண்ணீராக ஓடியது. செப்டம்பரில் பயிற்சியாளர் தாமஸ் டுகெல் நீக்கப்பட்டார். அந்த சீசனில் அணி முடித்தது பன்னிரண்டாம் இடத்தில்.

தேடுகிறவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நம் ஊர்க் கிளப்பில் இவருக்குச் சம்பளம் கிடையாது, பஸ் செலவு கொடுத்தால் பெரிது. ஆகவே இயல்பாகவே ஆட்டம் பார்க்கிற பித்து உள்ளவராக இருக்க வேண்டும். பழைய ஆட்டக்காரராக இருந்தால் நல்லது. புகழ்பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பழைய கோல் கீப்பர்களும், அவர்களுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற சென்டர் பேக்குகளும் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறார்கள். தொண்ணூறு நிமிடமும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே நின்று பழகியவர்கள் அவர்கள். இங்கிலாந்தின் டெர்பிக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் மேனேஜர் பிரையன் கிளஃபோடு சேர்ந்து ஆள் பிடித்துக் கொடுத்த பீட்டர் டெய்லரும் கோல் கீப்பர்தான். டெய்லர் இல்லாமல் 1974-இல் லீட்ஸுக்குப் போன கிளஃப் அங்கே நீடித்தது 44 நாட்கள். இருவரும் மீண்டும் சேர்ந்தபோது ஃபாரஸ்ட் 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

அவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றால் ஷூ கம்பெனி ஷிஃப்ட் எப்போது முடிகிறது என்று தெரிய வேண்டும். அரக்கோணத்தில் இருந்து வருகிற பையனுக்கு ரயில் நேரம் தெரிய வேண்டும். சத்துவாச்சாரியில் உடல்வாகு உள்ள பையன்கள் பளுதூக்குதலுக்குப் போய்விடுவார்கள். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் அது. அங்கே கால்பந்துக்கு ஆள் கேட்டுப் போகிறவருக்கு அந்த வீடுகளில் எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சொந்த மகனோ தம்பியோ அதே அணியில் ஆடுகிறவரை மட்டும் இந்தப் பொறுப்பில் வைக்காதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

பயிற்சியாளரிடம் எழுதி வாங்குங்கள்

சீசன் முடிந்த இரண்டு வாரத்துக்குள் பயிற்சியாளரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அதில் பெயர் எதுவும் எழுதக் கூடாது. எந்த இடத்துக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் என்ன செய்ய வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள முடியும், எதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பவை மட்டும். "வேகமான விங்கர் (மைதானத்தின் ஓரமாக முன்னேறி ஆடுகிறவர்) வேண்டும்" என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாருக்கும்தான் வேகமான விங்கர் வேண்டும். "நம் வலது பேக் முன்னேறிப் போகிறவர், அவர் விட்டுப் போகும் இடத்துக்குத் திரும்பி ஓடி வருகிற விங்கர் வேண்டும், கோல் அடிக்காவிட்டாலும் பரவாயில்லை" என்று எழுதினால் அதை வைத்துத் தேட முடியும்.

இந்தத் தாள் பயிற்சியாளருக்கும் பாதுகாப்பு. மூன்று ஆட்டம் தோற்றதும் "உனக்கு வேண்டிய ஆளைத்தானே கொடுத்தோம்" என்று கமிட்டி பாய்ந்தால், கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று அவர் எடுத்துக் காட்டலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இதுதான் முழு முறையின் உயிர். நினைவில் இருப்பதை வைத்து ஆள் எடுத்தால், கடைசியாகப் பார்த்த கோல்தான் ஜெயிக்கும். எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"பேரணாம்பட்டுப் பையன். இடது பேக். இரு வேறு மைதானங்களில் பார்த்தது, ஒன்று ஏழு பேர் ஆட்டம், ஒன்று பதினொரு பேர் ஆட்டம். பந்தைப் பறிகொடுத்ததும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி ஓடுகிறான். இரண்டாம் ஆட்டத்தில் அது குறைந்தது. வலது காலைப் பயன்படுத்தவே இல்லை. கோல் கீப்பர் திட்டியபோது பதில் பேசாமல் கை தூக்கினான், அடுத்த முறை சரியான இடத்தில் நின்றான். சனிக்கிழமையும் வேலை உண்டு. குடியாத்தம் வழியாகப் பஸ். மாலைப் பயிற்சி முடிந்தால் திரும்பப் போவது சிரமம். அம்மாவிடம் பேச வேண்டும்."

கோல் எத்தனை, பாஸ் எத்தனை என்பது இதில் இல்லை. பந்து அவனிடம் இல்லாத நேரத்தில் என்ன செய்தான் என்பதுதான் பாதிப் பக்கம். பந்தின் பின்னாலேயே கண் போனால் இதெல்லாம் தெரியாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு பதினைந்து நிமிடம் அந்த ஒருவனை மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் நின்றால் ஓட்டம் மட்டும் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் அவன் எந்த இடைவெளியை மூடுகிறான், எதைத் திறந்து விடுகிறான் என்பது தெரியும்.

கோடையில் ஏழு பேர் ஆட்டங்களை மட்டும் பார்த்து யாரையும் முடிவு செய்யாதீர்கள். சிறிய மைதானத்தில் வித்தை காட்டுகிறவன் பெரிய மைதானத்தில் காணாமல் போவதுண்டு. வேலூரின் கத்திரி வெயிலில், மாலை நான்கு மணி ஆட்டத்தில் மூச்சு வாங்குகிறவனை உடல்தகுதி இல்லாதவன் என்று தள்ளியும் விடாதீர்கள். அவன் காலையில் இருந்து நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். குறைந்தது இரண்டு ஆட்டம், ஒன்றாவது பதினொரு பேர் ஆட்டம், முடிந்தால் இரண்டு வெவ்வேறு கண்கள் பார்த்தது என்று விதி வையுங்கள்.

கையெழுத்து

தேடுகிறவர் ஓர் இடத்துக்கு மூன்று பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பெயரைக் கொடுத்தால் அது ஆலோசனை ஆகாது, கட்டாயம் ஆகிவிடும். பயிற்சியாளர் மூவரையும் பயிற்சிக்கு அழைத்துப் பார்க்கட்டும். ஒருவரை வேண்டாம் என்றால் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். மூவரும் வேண்டாம் என்றால் தேடுகிறவர் மறுபடி தேட வேண்டும். ஆனால் பட்டியலில் இல்லாத ஒருவரை, நோட்டில் பக்கம் இல்லாத ஒருவரை, பயிற்சியாளர் தாமாக உள்ளே கொண்டுவர முடியாது. அவருக்குத் தெரிந்த நல்ல பையன் இருந்தால் பெயரைச் சொல்லட்டும். மற்றவர்களைப் போலவே அவனையும் போய்ப் பார்த்து ஒரு பக்கம் எழுதலாம். பணம் தருகிறவரின் அக்கா மகனுக்கும் இதே வழிதான். அவன் நன்றாக ஆடினால் நோட்டு சொல்லும்.

நன்கொடையாளரிடம் இதைச் சீசனுக்கு முன்பே, நேரில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மொத்தத் தொகை என்ன, அதில் பயணப்படிக்கு எவ்வளவு, வெளியூரில் இருந்து இறுதியாட்டத்துக்கு மட்டும் ஆள் இறக்குவதற்கு ஒரு ரூபாயாவது உண்டா என்று கேளுங்கள். எங்கள் கிளப்பில் அந்தக் கடைசிச் செலவுக்கு இடம் கிடையாது. கோப்பைக்காக ஒருநாள் ஆள் இறக்கினால், வருடம் முழுவதும் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்த பையன் அன்று வெளியே உட்கார வேண்டியிருக்கும். அவனை அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பயிற்சிக்குக் கூப்பிடுவது?

தாள்கள்

இது செயலாளரின் வேலை. வேறு யாரும் தொடக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய கிளப்பின் தடையில்லாச் சான்று மூன்றையும் பார்த்த பிறகே பயிற்சிக்கு அனுமதி. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மத்தியப் பதிவு முறையில் பையனின் பெயரைச் சரியாகப் பதிந்து வையுங்கள். பையன் பிற்காலத்தில் பெரிய ஆளாகி, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே ஒரு நாட்டின் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டின் கிளப்புக்குப் பணத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பதிவு இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். வயதைக் குறைத்துக் காட்டி வருகிற பையனை எவ்வளவு திறமை இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். உண்மையிலேயே பதினான்கு வயதான ஒருவனின் இடத்தை அவன் எடுத்துக்கொள்கிறான்.

எடுக்காதவர்களுக்கு

தேர்வு முகாமுக்கு அறுபது பேர் வந்தால் ஐம்பத்தைந்து பேருக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. பையன்கள் வாரக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்வதும் தேடுகிறவரின் பொறுப்பு; ஒரு வாரத்துக்குள், தாமே பேசிச் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதியதில் அவனுக்குப் பயன்படக்கூடிய ஒன்றை, வலது காலைப் பழக்கு என்பது போல ஒன்றை, சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவன் என்றால் வீட்டில் பெரியவர்களிடமும் பேச வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், போன் எண்ணோடு அப்படியே வைத்திருங்கள். அடுத்த சீசனுக்குப் பயிற்சியாளரின் தாள் வந்ததும் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பழைய பக்கங்களைத்தான்.