பேதி மருந்து இல்லாமல் பெருங்குடல் சி.டி. ஸ்கேன்: அம்மாவைத் தயார் செய்த விதம்

போன தடவை கொலனோஸ்கோபிக்காக (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பேதி மருந்து குடித்துவிட்டு, நடு இரவில் கழிவறை வாசலில் அம்மா மயங்கி விழுந்தார். வயது 76. மறுபடியும் சோதனை என்றதும், "அந்தத் தண்ணி மட்டும் வேண்டாம்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இங்கே லண்டனில் மருத்துவர் சொன்ன மாற்றுதான் இது.

முதலில் சூட்சுமம். சி.டி. படத்தில் மலமும் பாலிப்பும் (குடல் உட்சுவரில் வளரும் சதைக்கட்டி) ஒரே சாம்பல் நிறம். அயோடின் கலந்த திரவத்தைக் குடித்தால் மலத்தோடு கலந்து அதை வெள்ளையாகக் காட்டும். சதைக்கட்டி சாம்பலாகவே நிற்கும். ஆக, குடலைக் காலி செய்வதைவிட, உள்ளே மிச்சமிருப்பதற்குச் சாயம் ஏற்றுவதுதான் வேலை.

1. அயோடின் ஒவ்வாமை, தைராய்டு, விழுங்குவதில் சிரமம், சர்க்கரை நோய் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. இரண்டு நாள் நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு. வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன், தயிர். பருப்பு, கீரை, காய்த்தோல், விதை கிடையாது. தயிர்சாதம்தானே என்று மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்கொள்ள வேண்டாம், அதில் எள் இருக்கும். ரசம் என்றால் வடிகட்டித் தெளிவு மட்டும்.

3. சாயத் திரவம். நாங்கள் சறுக்கியது இங்கேதான். கொடுத்தது காஸ்ட்ரோகிராஃபின், முந்தின நாள் காலை 50 மி.லி., மாலை 50 மி.லி. (உங்கள் சீட்டில் உள்ள அளவே உங்களுக்கு.) சோம்பு மணத்தோடு ஒரு கசப்பு. காலையில் குடித்த சில மணி நேரத்தில் அம்மாவுக்கு வயிறு இளகியது. "பேதி இல்லைன்னு சொன்னியே!" மாலை பங்கு சிங்க்கில் போனது. மறுநாள் படத்தில் பாதி மலம் சாம்பலாகவே தெரிய, இன்னொரு தேதி வாங்கி வந்தோம். அந்தத் திரவம் குடலுக்குள் நீரை இழுக்கும், கொஞ்சம் இளகத்தான் செய்யும். பழைய பேதி மருந்து அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். இதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் முறை ஃப்ரிட்ஜில் குளிரவைத்த தண்ணீரில் கலந்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன். அளக்க இருமல் மருந்து மூடிதான் என் கட்சி. டம்ளர் கண்ணளவை நம்பாதீர்கள்.

4. ஸ்கேன் அன்று ஆசனவாய் வழியே சின்னக் குழாய் வைத்து வாயு ஏற்றுவார்கள். மல்லாந்தும் குப்புறவும் படுக்க வேண்டும். வயிறு உப்பும், மயக்க ஊசி கிடையாது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒரு குறை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை தலைமையில் 605 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பேதி மருந்தில்லாத ஸ்கேன் 10 மி.மீ.க்குக் குறையாத கட்டி உள்ளவர்களில் 91 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது, கொலனோஸ்கோபி 95. ஆனால் 6 மி.மீ. முதல் உள்ளவற்றையும் சேர்த்துக்கொண்டால் ஸ்கேன் 59, கொலனோஸ்கோபி 76. கட்டி தெரிந்தால் அதை எடுக்கக் கொலனோஸ்கோபிக்குத்தான் போகவேண்டும், பேதி மருந்தோடு.

பின்சேர்க்கை: இசப்கோல் தொடரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது முழுக்க நார்ச்சத்து. இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டால், இரண்டையும் என்று நிறுத்துவது என்று ஸ்கேன் பிரிவுக்கே போன் போட்டுக் கேளுங்கள். அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம்.