குழந்தை இன்னும் ஒட்டவில்லையா? தத்தெடுத்த நாட்டிலேயே தங்கும் முதல் வாரங்கள்

வேறொரு நாட்டில் குழந்தையைத் தத்தெடுத்தால் மறுநாளே விமானம் ஏறிவிட முடியாது. கோர்ட் உத்தரவு, பாஸ்போர்ட், விசா என்று பெரும்பாலும் வாரக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டிவரும். சில நாடுகளில் குழந்தையோடு சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் சோதனைக் காலமும் உண்டு. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான 1993ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையிலேயே அதைப் பற்றிய பேச்சு வருகிறது.

நாங்கள் மூன்று வயது மகளோடு ஒரே அறையில் ஆறு வாரம் இருந்தோம். முதலில் சிறை மாதிரிதான் தெரிந்தது. இப்போது யோசித்தால் அதுதான் லாபம். ஆபீஸ் இல்லை, விருந்தாளி இல்லை, "எங்கே, என்கிட்ட வா பார்ப்போம்" என்று கை நீட்டும் சொந்தக்காரர் இல்லை.

படி 1: முன்பே கேட்டு வையுங்கள்

குழந்தை இதுவரை வளர்ந்த காப்பக இல்லத்தில் அதைப் பார்த்துக்கொண்டவரிடம் சின்னச் சின்ன விஷயங்களைக் கேளுங்கள். தட்டிக்கொடுத்தால் தூங்குமா, தானாகத் தூங்குமா? இருட்டுக்குப் பயமா? அழுதால் எது அடக்கும்? அது படுத்த போர்வை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். துவைத்துவிடாதீர்கள், தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

குழந்தையின் மொழியில் இருபது சொல் போதும். தண்ணீர், பசி, வலிக்கிறதா, போதும், கழிப்பறை, "இதோ வந்துடறேன்". தமிழ் எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினோம். என் உச்சரிப்பைக் கேட்டுத்தான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.

படி 2: அள்ளி எடுக்காதீர்கள்

முதல் நாள் தரையில் உட்காருங்கள், கொஞ்சம் பக்கவாட்டில். கேமராவைப் பைக்குள் வையுங்கள். குழந்தை பக்கத்தில் வரும்வரை நீங்கள் பாட்டுக்கு ஏதாவது செய்துகொண்டிருங்கள்.

எங்கள் மகள் காலணியைக் கழற்றவே விடவில்லை. படுக்கையிலும் காலணிதான். எந்த நேரமும் கிளம்பிப் போகத் தயாராக இருக்கிறாள் என்பது என் கணவருக்குத்தான் முதலில் உறைத்தது. சரி என்று விட்டுவிட்டோம். அவள் தூங்கியபிறகு நாடாவை மட்டும் தளர்த்துவோம். காலையில் எழுந்ததும் இறுக்கிக் கட்டச் சொல்லிக் காலை நீட்டுவாள், அவருக்கு மட்டும். ஐந்தாம் இரவு ஒரு காலணியைத் தானே கழற்றினாள். ஒன்றை மட்டும்!

படி 3: கொடுக்கிற கை உங்கள் கையாக இருக்கட்டும்

எல்லாவற்றையும்விட இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். பசி வந்தால் யார் தருகிறார்கள், விழுந்தால் யார் தூக்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் குழந்தை "இவர்கள் என் ஆட்கள்" என்று முடிவு செய்கிறது. இல்லத்தில் ஷிஃப்டுக்கு ஒரு முகத்தைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவது புது அனுபவம். அதனால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, தூங்கவைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும். ஊட்டும்போது எதிரில் உட்காருங்கள், முகம் தெரியட்டும்.

இதில் நாங்கள் கோட்டைவிட்டது மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில். நல்ல பெண்மணி. ஆனால் குழந்தைக்குப் புரிகிற மொழி பேசுகிறவர் அவர் ஒருவர்தான், ஒட்டாமல் இருக்குமா? மூன்றாம் நாள் அவர் கிளம்பும்போது எங்கள் மகள் அவர் புடவைத் தலைப்பு இல்லாத குறையாக, பையின் வாரைப் பிடித்துத் தொங்கினாள். அதன்பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். அவர் எங்களிடம் சொல்வார், நாங்கள் தப்பும் தவறுமாக மகளிடம் சொல்வோம். அவர் கொண்டுவரும் தின்பண்டமும் எங்கள் கை வழியாகத்தான் போகும்.

தலையணைக்கடியில் ரொட்டித் துண்டு அகப்பட்டால் திட்டாதீர்கள். பழைய துண்டை எடுத்துவிட்டு, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் ஏதாவது வையுங்கள். டப்பா காலியாகாது என்று தெரிய நாளாகும்.

படி 4: வேற்றுமுகம் வரட்டும்

யாரைப் பார்த்தாலும் சிரித்து மடியில் ஏறும் குழந்தையை ஊரே மெச்சும். நீங்கள் மெச்ச வேண்டாம். யார் நம்மவர் என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். புது ஆளைப் பார்த்து உங்கள் பின்னால் ஒளிந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்படுங்கள்.

அழுகையும் அப்படித்தான். பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த குழந்தைகளைக் கவனித்து, பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பவுல்பியும் 1950களின் தொடக்கத்தில் எழுதினார்கள். முதலில் அழுது எதிர்ப்பு, அப்புறம் சோர்வு, கடைசியில் எதிலும் பற்றில்லாத அமைதி. ஆகவே சத்தமே இல்லாத "சமர்த்தை" நம்பி ஏமாறாதீர்கள். அழுதால் பக்கத்தில் இருங்கள், வாயை அடைக்கப் பார்க்க வேண்டாம். சாப்பாடு தண்ணீரே இறங்கவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பெற்றோரில் ஒருவரை மட்டும் ஒதுக்குவதும் சகஜம். எங்கள் வீட்டில் அது நான். பதினெட்டு நாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். கணவர் என்னை அவளிடம் தள்ளவும் இல்லை, அவளை என்னிடம் தள்ளவும் இல்லை. பாதிப் பழத்தை உரித்து மீதியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நல்ல தந்திரம், செய்து பாருங்கள்.

படி 5: விளையாட்டு

பொம்மைக் கடையே வாங்க வேண்டாம். பந்தை உருட்டினால் திரும்பி வருகிறது, துணிக்குப் பின்னால் போன முகம் மறுபடி வருகிறது. இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்.

படி 6: இரவு

ஒரே அறையில் படுங்கள். நேரமாற்றத்தால் ஆரம்பத்தில் தூக்கம் கெடுவது உங்களுக்கு. ஊர் திரும்பியதும் அவளுக்கு. நேர வித்தியாசத்தின் ஒவ்வொரு மணிக்கும் உடம்பு பழக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அந்தக் கணக்கில் லீவு போடுங்கள்.

வீடியோ அழைப்பில் தாத்தா பாட்டியைக் காட்டலாம், இரண்டு நிமிடம் போதும்.

படி 7: கிளம்பும்போது

விமானம் இறங்கும்போது காது அடைக்கும், குடிக்க ஏதாவது கையில் வைத்திருங்கள். துவைக்காத அந்தப் போர்வை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் காலணியைக் கழற்றச் சொன்னாலும் சொல்வார்கள் என்று அறையிலேயே இரண்டு மூன்று முறை விளையாட்டாகப் பழக்குங்கள். நாங்கள் பழக்க மறந்துவிட்டோம். வரிசையில் அதிகாரி அவள் காலைச் சுட்டியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் அவரைப் பார்த்தாள், என் கணவரைப் பார்த்தாள், அப்புறம் காலை என் பக்கம் நீட்டினாள்.