சார்ஜ் ஏறும்போது மட்டும் தாவிய தொடுதிரை

வார்டில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் டேப்லெட்டில்தான் பதிகிறோம். அதில் ஒன்று திடீரென்று தப்பான எண்களை எடுக்க ஆரம்பித்தது. 8-ஐத் தொட்டால் 5 விழும், இல்லையென்றால் 2. நோயாளியின் கணக்கில் இப்படி ஏறினால் ஆபத்து. அதனால் அதை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தில் எழுதினோம்.

முதல் சந்தேகம் கையுறை மேல். கழற்றினாலும் அதே கதைதான். கிருமிநாசினித் துணியின் ஈரமோ என்று நன்றாக உலரவிட்டுப் பார்த்தோம். திரை மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தோம். எல்லாவற்றையும் அழித்து ரீசெட்டும் செய்தாயிற்று. பழுது பார்ப்பவரின் மேசையில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை!

துப்பு அந்த எண்களிலேயே இருந்தது. விசைப்பலகையில் 8, 5, 2 மூன்றும் ஒரே செங்குத்து வரிசை. 7-ஐத் தொட்டால் 4, 1 பக்கம்தான் போனது. குறுக்கே தாவவே இல்லை. இரும்புக் கட்டிலில் இன்னொரு கையை ஊன்றினால் இன்னும் மோசம். அப்படியானால் மின் இரைச்சல்தான், அதாவது மின்சாரத்தோடு கலந்து வரும் வேண்டாத அதிர்வு. தொடுதிரை விரலின் மின்தேக்கத்தை (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையை) அளந்துதான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மட்டமான சார்ஜர் கேபிள் வழியாக அனுப்பும் இரைச்சல் அந்த அளவைக் குழப்பிவிடும்.

தள்ளுவண்டியில் எப்போதும் செருகியே இருந்த கேபிளைப் பிடுங்கினேன். தாவல் நின்றது. செருகினேன், திரும்ப வந்தது. மேசையில் அது பேட்டரியில் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். டேப்லெட்டோடு வந்த சார்ஜரைத் தேடி எடுத்து மாட்டியதும் சரியாகிவிட்டது. அப்பாடா! இருந்தாலும் பதியும் நேரத்தில் கேபிளைக் கழற்றிவிடுகிறோம்.